பிஸ்கட்டுக்கு ஒரு வேலை போட்டுக் குடு

மஞ்சக்குப்பத்துல ரெண்டு ரூம் வீடு, துணி காயப்போடக்கூட இடம் பத்தலன்னு போன மாசம்தான் புலம்புன. இந்த மாசம் என்னடான்னா, "தாத்தா, ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கியிருக்கேன், பேரு பிஸ்கட்"னு போன்ல படம் வருது. பலே பேராண்டி. உன் வீட்டுல அதிகாரம் பண்ண ஆளு கம்மியா இருந்தது, அந்தக் குறையும் தீந்துச்சு.

என்ன விலைன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா நீ பாதியைத்தான் சொல்லுவ. அந்தப் பாதியைக் கேட்டே உங்க ஆயா படுத்துக்குவா. அந்தக் காசுக்கு இங்க புவனகிரிப் பக்கம் ஒரு கிடேரிக் கன்னு புடிச்சிருக்கலாம். ஆனா கிடேரியை மடியில தூக்கி வச்சுப் படம் புடிக்க முடியாது, அதுல ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்யுது.

"இந்தக் கெழவனுக்குச் சீமை நாயைப் பத்தி என்ன தெரியும்"னு உன் பொண்டாட்டி கேப்பா. சொல்லி வை. உங்க தாத்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழக லைப்ரரியில அட்டெண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். புரொபசர் கேட்ட புஸ்தகத்தை அலமாரியிலேருந்து அவர் மேசைக்குக் கொண்டு போறதுக்குள்ள ரெண்டு பக்கம் படிச்சிடுவேன். அப்படி ரெண்டு ரெண்டு பக்கமா படிச்சதுல எனக்குப் பாதி உலகம் தெரியும். மீதிப் பாதி மூணாம் பக்கத்துல இருந்துச்சு.

பரம்பரைத் தொழிலாளி ஒருத்தனைக் கூட்டியாந்து, வேலை ஒண்ணும் குடுக்காம சோபாவுல உக்கார வச்சிருக்க. அது எங்க போயி முடியும்னு தெரியணும்னா அவன் பூர்வீகம் தெரியணும். இங்கிலாந்துல டெவன்னு ஒரு சீமை. அங்க ஜான் ரஸ்ஸல்னு ஒரு பாதிரியார், 1795-ல பொறந்து 1883 வரைக்கும் இருந்தவர். செல்லமா ஜாக். ஆக்ஸ்போர்டுல படிக்கறப்ப, 1819-ல, ஒரு பால்காரர்கிட்ட இருந்த பொட்டை நாயைப் பாத்து மயங்கி, நின்ன இடத்துலயே விலை பேசி வாங்கிட்டார். நாய் பேரு டிரம்ப். சிரிக்காத, இது வாயில்லா ஜீவன். வெள்ளை ஒடம்பு, கண்ணு மேலயும் காது மேலயும் திட்டு, வாலு ஆரம்பிக்கிற இடத்துல காசளவு ஒரு பொட்டு. படிக்கப் போன புள்ள பால்காரர்கிட்ட நாய் வாங்கிட்டு வந்தா நம்ம ஊர்ல என்ன சொல்லுவோம்? அங்க சொல்லல. அந்த நாயோட வம்சத்துக்கே அவர் பேரை வச்சுட்டாங்க. பிற்பாடு இளவரசர் எட்வர்டு அந்த டிரம்பைப் படமா வரைய வச்சு சாண்ட்ரிங்காம் மாளிகையில மாட்டினாராம். ராஜா வீட்டுக் கூடத்துலன்னு நினைச்சுக்காத, குதிரைச் சேணம் வைக்கிற ரூம்ல.

பாதிரியாருக்குப் பிரசங்கத்தை விட நரி வேட்டை மேல பிரியம் ஜாஸ்தி. பிஷப்பு கண்டிச்சும் மனுசன் விடல. வேட்டை எப்படின்னா, பெரிய நாயெல்லாம் கூட்டமா நரியைத் தொரத்தும். நரி வளைக்குள்ள பூந்துடும். பெரிய நாயி வெளிய நின்னு மூச்சு வாங்கும். அப்பத்தான் நம்ம குட்டையனை இறக்குவாங்க. அவன் இருட்டுல, தன்னை விடப் பெரிய பல்லு இருக்கிற நரி மூஞ்சிக்கு எதுக்க நின்னு, விடாம குரைக்கணும். கடிச்சுக் கொன்னுடக் கூடாது, அது பாதிரியாருக்குப் புடிக்காது. நரி வெளிய ஓடணும், இல்லன்னா இவன் போடற சத்தத்தை வச்சு மேல இருக்கறவன் மண்வெட்டியால சரியான இடத்துல தோண்டணும். பூமிக்கு அடியில இருக்கற ஆளுக்கு விலாசம் அவன் குரல்தான்.

இப்பப் புரியுதா, உன் பிஸ்கட்டு காரணமில்லாம குரைக்குதுன்னு கீழ் வீட்டு அம்மா ஏன் சண்டைக்கு வராங்கன்னு? காரணம் இருக்கு, அது டெவன்ல இருக்கு. ஏன் மெத்தையைத் தோண்டுது? தோண்டறதுக்குத்தான் அது சம்பளம் வாங்கிச்சு. ஏன் புல்லட்டைப் பாத்து எகிறுது? தன்னை விடப் பெருசைப் பாத்துப் பின்வாங்கின நாய்க்கு அந்தப் பாதிரியார் வீட்டுல சோறு கெடையாது. தோண்டறது, குரைக்கிறது, பயமில்லாதது, இந்த மூணையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கறது உன் வாசல்ல கெடக்கிற மிதியடி.

ஒடம்பும் அந்த வேலைக்கு அளவெடுத்துத் தச்சதுதான். வெள்ளை எதுக்குன்னா, செம்பட்டை நாயை நரின்னு நினைச்சு மத்த நாயெல்லாம் பாஞ்சிடக் கூடாது. உசரம் 25-லேருந்து 30 சென்டிமீட்டர், அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கணக்குல 5, 6 கிலோ எடை. நெஞ்சுக்கூடு நரி வளைக்குள்ள நுழையணும். முன்னங்காலுக்குப் பின்னால ரெண்டு கையாலயும் வளைச்சுப் புடி, ரெண்டு கை விரலும் ஒண்ணையொண்ணு தொடணும். தொடலன்னா ஒண்ணு நாய் கலப்பு, இல்ல உன் பொண்டாட்டி நெய்ச்சோறு ஊட்டறா.

கூத்து என்னன்னா, இங்கிலாந்துலயே 2004-ல சட்டம் போட்டு, நாய்க் கூட்டத்தை வச்சு நரி வேட்டையாடறதைத் தடுத்துட்டான். தலைமுறை தலைமுறையா ஒரே தொழிலுக்குன்னு தேத்தின ஆளை, அவன் சொந்த ஊரே வேலையை விட்டு நிறுத்திடுச்சு. அவனைத்தான் நீ மஞ்சக்குப்பத்துக்குக் கூட்டியாந்து, காலையில ஒம்பதுக்குக் கதவைப் பூட்டிட்டு பேங்குக்குப் போற. சாயங்காலம் வந்து, "ஐயோ, செருப்பைத் தின்னுட்டான், ரிமோட்டைத் தின்னுட்டான்"ங்கற. நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொன்னானே ஒருத்தன், அவன் இந்த ஜாதி நாயை வளத்தவனாத்தான் இருக்கணும்.

"ஆனா தாத்தா, இது அமைதியான நாய்னு வித்தவன் சொன்னானே"ங்கற. அமைதியான டெரியர் ஒண்ணே ஒண்ணு எனக்குத் தெரியும். அது எங்க காலத்து நாய் மார்க் ரெக்கார்டுல இருந்தது. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் செட்டுல தட்டு சுத்தும், நடுவுல அந்த நாய் தலையைச் சாய்ச்சு, குழாயைப் பாத்து உக்காந்திருக்கும். நிப்பர்னு பேரு. 1884-ல பிரிஸ்டல்ல பொறந்தது. ஜாக் ரஸ்ஸல்னும் சொல்றாங்க, ஃபாக்ஸ் டெரியர் கலப்புன்னும் சொல்றாங்க. வந்தவங்க குதிகாலைக் கவ்வற பழக்கத்தால வந்த பேரு அது. எசமான் செத்தப்புறம் அவர் தம்பி பிரான்சிஸ் பராடு வளத்தார். அவர் ஓவியர். நாய் 1895-ல செத்துப் போச்சு, அப்புறம்தான் அவர் அந்தப் படத்தை வரைஞ்சார். முதல்ல அதுல இருந்தது மெழுகு உருளை போட்டுப் பாடற பழைய பெட்டி. அந்தக் கம்பெனிக்காரன் படம் வேணாம்னுட்டான். கிராமபோன் கம்பெனிக்காரன், "எங்க பொட்டியை வரைஞ்சு குடு, வாங்கிக்கிறேன்"னான். 1899-ல பழைய பொட்டி மேலயே புதுப் பொட்டியை வரைஞ்சு குடுத்து 100 பவுன் வாங்கிட்டார். நிப்பருக்கு ஒரு பொறைகூடக் கெடைக்கல. கவனிச்சியா, டெரியர் சும்மா உக்காந்த ஒரே இடம் படம். அதுவும் செத்ததுக்கு அப்புறம்.

உன் ஊர் கதைக்கே வரேன். 1690-ல வெள்ளைக்காரக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்கிட்ட வாங்குனப்ப ஒரு விசித்திரமான பேச்சு. கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டா குண்டு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். குண்டு விழுந்த ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரு, குண்டுச் சாலை இன்னமும் ஊருக்குள்ள இருக்கு. உன் பிஸ்கட்டும் அதே கிரயப் பத்திரத்துலதான் எழுதி வாங்கியிருக்கு. சத்தம் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் அதோட எல்லை. எதிர் வீட்டு மாடி, தண்ணி கேன் வண்டி, கோலம் போடற அக்கா, எல்லாம் அதோட ராஜ்ஜியம். கத்திக் கத்தி அதை அடக்கலாம்னு பாக்காத, நீயும் கூடச் சேந்து குரைக்கிறதாத்தான் அது நினைச்சுக்கும். ஜன்னலுக்குக் கீழ்ப்பாதி மறைப்பு போடு. வாயை மூடின நொடியில ஒரு துண்டு கோழிக்கறி குடு. இந்த ஜாதிக்கு எசமான் மேல பக்தி கெடையாது, லாபம் உண்டான்னு பாக்கும். அடிச்சா வைராக்கியம் வரும். அஞ்சு நிமிசம் பாடம், அப்புறம் விளையாட்டு. பத்து நிமிசம் ஆச்சுன்னா அதுக்குச் சலிச்சிடும், உனக்கும்தான்.

காலையில வெயில் ஏறதுக்கு முன்ன சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு ஒரு மணி நேரமாவது கால் வலிக்க ஓடணும். நீயும்தான், அந்தத் தொப்பையைப் படத்துல பாத்தேன். மணல்ல நண்டு வளையைக் கண்டுச்சுன்னா அப்பப் பாரு அதோட மூஞ்சியை, பாதிரியாரே நேர்ல வந்தாப்புல இருக்கும். தோண்டட்டும் விடு. அரை மணி நேரம் நண்டு வளை தோண்டினா அன்னைக்கு உன் மெத்தை பிழைச்சுது. மூக்குல நண்டு கவ்வுனா ஒரு தரம் கத்தும், மறுபடியும் தோண்டும். புத்தி வராது, அதுக்காகத்தான் அதை விரும்பறாங்க. கடல் தண்ணியைக் குடிக்க விடாத, வாந்தி எடுக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, காதைத் தொடைச்சு விடு. கயித்தை மட்டும் அவுத்து விட்டுடாத. அணில் ஒண்ணு குறுக்க போச்சுன்னா உன் பிஸ்கட்டைத் திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில போயித் தேடணும். செவுரு அஞ்சடி இருந்தாலும் எகிறிப் பாக்கும், எகிற முடியலன்னா அடியில தோண்டும்.

கத்திரி வெயில்ல பகல்ல வெளிய இழுத்துட்டுப் போகாத. நாய்க்கு நம்மள மாதிரி மேலெல்லாம் வேத்து சூடு எறங்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் எறக்கணும். நம்ம கடலோரப் புழுக்கத்துல அதுவும் சரியா நடக்காது. தார் ரோட்டுல உன் புறங்கையை வச்சுப் பாரு, கொஞ்ச நேரம் தாங்கலன்னா அதோட பாதமும் தாங்காது. இன்னொரு சங்கதி, இந்த ஜாதி களைச்சாலும் காட்டிக்காது. விழற வரைக்கும் பந்தைத் தூக்கிட்டு வரும். நிறுத்தற புத்தி உனக்குத்தான் இருக்கணும்.

வெயில் ஆகாதுன்னா பனியும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல. போத்தின்னு ஒரு ஜாக் ரஸ்ஸல், ரனுல்ஃப் ஃபைன்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் 1979-லேருந்து 1982 வரைக்கும் துருவம் வழியா உலகத்தைச் சுத்தி வந்த பயணத்துல கூடப் போயி, தென்துருவம் வடதுருவம் ரெண்டையும் மிதிச்சிட்டு வந்துச்சு. இனி எந்த நாயும் அதைச் செய்ய முடியாது, அண்டார்டிகாவுல 1994-க்கு மேல நாய்க்கே அனுமதி இல்ல. அந்த ஜாதியில பொறந்ததை நீ லிப்டுல எறக்கி, லைட்டுக் கம்பம் வரைக்கும் கூட்டிட்டுப் போயி, "வாக்கிங் ஆச்சு"ங்கற.

சோத்து விசயத்துல உங்க வீட்டுப் பொம்பளைங்களை நம்பாத, பாசத்துலயே கொன்னுடுவாங்க. பாயசத்துல கெடக்கிற திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டு விசம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல போடற சைலிடால் அதைவிட மோசம். உங்க ஆயா வைக்கிற கொத்சுல சின்ன வெங்காயம் மிதக்கும். வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்துல இருக்கற சிவப்பணுவை ஒடைச்சிடும். சிதம்பரத்துக்காரன் வீட்டு நாயாச்சேன்னு கொத்சு ஊத்திச் சம்பா சோறு போட்டுடாத. பண்ருட்டியிலேருந்து மாமன் கொண்டாற முந்திரி மூட்டையை மேல வை, அந்தக் கொழுப்பு கணையத்துக்கு ஆகாது. பலாச்சுளை ஒரு துணுக்கு குடுத்தாப் பரவாயில்ல, கொட்டையை முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா ஒடையும். கருவாட்டுல உப்பு. பழைய துறைமுகத்துல மீன் வாங்குனா முள்ளு எடுத்து, மசாலா இல்லாம வேக வச்சுப் போடு, அதுக்கு மேல அதுக்கு சொர்க்கம் கெடையாது.

அது உன்னைப் பாக்கற பார்வை இருக்கே, மூணு நாளா பட்டினி கெடந்தவன் தோத்துப் போவான். வடலூர் தருமசாலையில 1867-லேருந்து அடுப்பு அணையல, பசின்னு வந்தவனை அங்க யாரும் கேள்வி கேக்கறதில்ல. சரிதான். ஆனா உன் வீடு தருமசாலை இல்ல. அரை கிலோ ஏறுனாலே 6 கிலோ நாய்க்கு அது பெரிய சுமை. விலாவைத் தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படணும்.

குளிப்பாட்டறேன் குளிப்பாட்டறேன்னு வாரா வாரம் ஷாம்பூ போடாத. மாசத்துக்கு ஒண்ணு போதும், மத்த நாளு சீப்பு வச்சு வாரி விடு. முடி கொட்டும். குட்டை முடிதானே கொட்டாதுன்னு சொல்லித்தான் வித்திருப்பான், உன் கறுப்பு பேண்ட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். மழை முடிஞ்சா உண்ணி ஏறும். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில பாரு. மண்ணெண்ணெய் ஊத்தற வேலை வேணாம், டாக்டர்கிட்ட மருந்து வாங்கு. உண்ணிக்காய்ச்சல் வந்த நாய் சோத்தைப் பாத்துத் தலையைத் திருப்பிக்கும். டெரியர் சோத்தைப் பாத்துத் தலையைத் திருப்புனா அன்னைக்கே கெளம்பிடு. ஓடறப்ப ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டிட்டு, அப்புறம் ஒண்ணுமே ஆகாத கணக்கா ஓடுனா ஸ்டைல்னு ரசிக்காத, முழங்கால் சிப்பி நழுவுது. கண்ணு செவந்து, கலங்கி, இடுக்கிக்கிட்டுப் பாத்தா நாளைக்குன்னு தள்ளிப் போடாத. கண்ணு லென்ஸ் எடம் பெயர்றது டெரியருக்கெல்லாம் பரம்பரைச் சீக்கு, ஒரு நாள்ல பார்வை போயிடும். நல்லா வச்சுக்கிட்டா 13, 14 வருசம், அதுக்கு மேலயும் இருக்கும். உன் வீட்டு லோன் முடியறப்ப அதுவும் கெழமாகியிருக்கும்.

வாலை வெட்டிடலாமான்னு கேட்டியாமே. வளைக்குள்ள சிக்குன நாயை இழுக்க அந்தக் காலத்துல வாலைக் கைப்பிடி அளவுக்கு வெட்டுனான். நீ எங்கேருந்து இழுக்கப் போற, சோபாவுக்கு அடியிலேருந்தா? இருக்கட்டும் வாலு, ஆட்டட்டும். அப்புறம், எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017-ல மத்திய சர்க்காரே விதி போட்டிருக்கு, வளத்து விக்கிறவன் விலங்கு நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும். நீ குட்டியோட தாயைப் பாத்தியா, பதிவைப் பாத்தியா? இன்ஸ்டாகிராம்ல பாத்தேங்கற. சரி, விடு.

லீவுக்கு அதை இங்க கூட்டிட்டு வரணும்னு ஆசைப்படற, அதுக்கு ரெண்டு எச்சரிக்கை. பிச்சாவரத்துக்குப் படகு விடப் போனா நாயை வீட்டுல வை. அந்தச் சதுப்புல தில்லை மரம் இருக்கு. சிதம்பரத்துக்கே பேரு குடுத்த மரம்தான், ஆனா அதோட பால் கண்ணுல பட்டா கொஞ்ச நாளைக்குக் கண்ணு தெரியாது, தோல்ல பட்டா கொப்புளம். உன் ஆளு எதையும் மூக்கால மோந்து, வாயால கடிச்சுத்தான் விசாரிப்பான்.

இன்னொண்ணு பாம்பு. நம்ம நாட்டு நாயி பாம்பைப் பாத்தா எட்ட நின்னு குரைச்சு ஊரைக் கூட்டும். டெரியர் போயி மூஞ்சியோட மூஞ்சி வைக்கும், நரிக்கு வச்ச மூஞ்சியாச்சே. வயக்காட்டுல கண்ணாடி விரியன் இருக்கு. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தெரியுமா? ரஸ்ஸல் விரியன். இது வேற ரஸ்ஸல். பாட்ரிக் ரஸ்ஸல்னு கம்பெனி டாக்டர், இந்தச் சோழமண்டலக் கரைப் பாம்பையெல்லாம் புடிச்சு ஆராய்ஞ்சு 1796-ல பெரிய புஸ்தகமே போட்டவர். அந்தப் புஸ்தகத்தைப் பத்தி ரெண்டு பக்கம் படிச்சிருக்கேன். ஒரு ரஸ்ஸல் இன்னொரு ரஸ்ஸலை மோந்து பாத்தா எந்த ரஸ்ஸல் ஜெயிக்கும்னு பந்தயம் கட்டாத. கடி பட்டுடுச்சுன்னா பச்சிலை அரைக்கிறேன், கீறி விடறேன்னு நேரம் போக்காம, நாயை நடக்க விடாமத் தூக்கிக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடு. மனுசனுக்குப் போடற அதே விச முறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுவாங்க. அந்த மருந்துக்கு விசம் எடுத்துக் குடுக்கறது யாருங்கற? வடநெம்மேலியில 1978-லேருந்து இருளர் ஜனங்க சொசைட்டி வச்சு நடத்தறாங்களே, அவங்க.

நாய் கடிக்கிற கதையையும் பேசித்தான் ஆகணும். குட்டிப் பசங்க வாலை இழுத்தா இது பொறுத்துக்கற ஜாதி இல்ல. சின்னப் பல்லுதானேன்னு மஞ்சளைப் பூசாத, சுண்ணாம்பு வைக்காத, மொளகாப்பொடி தூவாத. இதெல்லாம் எங்க காலத்து வைத்தியம், செத்தவன் வந்து புகார் சொல்லலங்கறதால நடந்துச்சு. குழாயைத் திறந்து விட்டு, சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவு. அப்புறம் நேரா அரசு ஆஸ்பத்திரி. முன்னெல்லாம் தொப்புளைச் சுத்தி ஊசி, 14 நாளு. அந்த மருந்து 2004 கடைசியோட நின்னு போச்சு. இப்பக் கையில நாலஞ்சு ஊசி, காசு இல்லாமப் போடறாங்க. பிஸ்கட்டுக்கு மூணாம் மாசம் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல வருசா வருசம். அட்டையைப் பத்திரமா வை. நாய் வாங்குன பில்லை மட்டும் பத்திரமா வச்சிருக்கியாமே.

உன் பொண்டாட்டி கேட்டாளாம், நம்ம நாட்டுல இப்படிக் குட்டை நாய் ஜாதி ஏன் இல்லன்னு. நல்ல கேள்வி, உனக்குத் தோணல பாரு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் காவலுக்கும் வெட்டவெளி வேட்டைக்கும் ஆன நாய்ங்க. 2005-ல இந்தியத் தபால்காரங்க நாய் ஸ்டாம்பு போட்டப்ப ராஜபாளையத்துக்கு ஒண்ணு போட்டாங்க. வளை தோண்டற வேலைக்கு இங்க நாயே தேவைப்படல. எலி வளை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எந்த வாசலை அடைச்சு எதுல புகை போடணும், இதெல்லாம் இருளர் பெரியவங்களுக்கு மண்ணைப் பாத்தாலே தெரியும். எலியும் வரும், அது சேத்து வச்ச நெல்லும் வரும். மூங்கில்ல தஞ்சாவூர்க் கிட்டி செஞ்சு வயல் பூரா வைக்க ஆளு இருந்துச்சு. ராத்திரிக்கு ஆந்தை உக்கார குச்சி நட்டு வச்சோம். இப்பக் கிட்டி கட்டற ஆளு கொறைஞ்சு போச்சு, எலி மட்டும் கொறையல. நெல்லிக்குப்பம் கரும்பானாலும் சரி, காட்டுமன்னார்கோயில் சம்பாவானாலும் சரி, மொத அறுப்பு எலிதான் அறுக்குது.

அங்கதான்டா உன் பிஸ்கட்டுக்கு வேலை. டெரியர் எலியைப் புடிக்கிற வேகம் தெரியுமா? 1823-ல லண்டன்ல பில்லின்னு ஒரு டெரியர் கலப்பு, பந்தயக் குழியில 100 எலியை அஞ்சரை நிமிசத்துல முடிச்சுது. அந்தப் பந்தயமெல்லாம் அசிங்கம், நமக்கு வேணாம். அமெரிக்காவுல இப்ப வேற விளையாட்டு நடத்தறாங்க. எலியைக் காத்துப் போற குழாயில பத்திரமா வச்சு, வைக்கோல் கட்டுக்குள்ள ஒளிச்சுட்டு, நாயை விட்டுத் தேடச் சொல்றாங்க. எலிக்கு ஒண்ணும் ஆகாது, நாய்க்குச் சர்டிபிகேட்டு உண்டு. நம்மகிட்ட வைக்கோல் இருக்கு, எலி இருக்கு. சர்டிபிகேட்டு நான் எழுதித் தரேன், பல்கலைக்கழகத்துல இருந்தவன்தானே.

அதுவரைக்கும் வீட்டுல ஏதாவது உத்தியோகம் குடு. பழைய வேட்டியில கோழிக்கறித் துண்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டு ஒளிச்சு வை, மோந்து தேடட்டும். மொட்டை மாடியில ஒரு தொட்டி மணல் வச்சு அதுல எலும்பைப் புதை. பேங்குக்குக் கெளம்பறதுக்கு முன்ன இதைச் செஞ்சிட்டா, சாயங்காலம் உன் ரிமோட்டு முழுசா இருக்க வாய்ப்பு இருக்கு. இருக்கும்னு சொல்லல, வாய்ப்பு இருக்குன்னேன்.

தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் கூட்டியா. வரதுக்கு முன்ன டாக்டர்கிட்ட எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போட்டாச்சான்னு கேளு. எலி மூத்தரம் கலந்த சேத்துலதான் பயலுக்கு உத்தியோகம், அது நாய்க்கும் ஒட்டும், உனக்கும் ஒட்டும். பக்கத்துக் காட்டுக்காரன் எலிக்கு விச மருந்து வச்சிருக்கானான்னு நான் மொதல்ல விசாரிச்சு வைக்கிறேன், மருந்து தின்ன எலியை இது கடிச்சா வம்பு. நீளக் கயிறு கொண்டா. ஆயாவோட கோழிங்களை அன்னைக்குப் பூரா கூண்டுல போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு அவ என்னைத் திட்டுனதை இங்க எழுத முடியாது. பேங்குல ரெண்டு நாள் லீவு சொல்லிடு. பிஸ்கட்டு கீழ நின்னு குரைக்கும்டா, மேல மண்வெட்டி புடிக்க ஒரு ஆள் வேணும்ல?